மறுசுற்று

அக்காவின் இடுப்பெலும்புக்குள் மூன்று திருகாணிகள் இருக்கின்றன. அவை எந்தக் கோணத்தில் இறங்குகின்றன, எது நீளம், எது குட்டை என்பதெல்லாம் சின்னவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தெரியாமல் என்ன? படம் எடுத்தவளே அவள்தான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருஷமாக "மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, விடுங்க" என்று ஊராருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள். பேருந்துப் படியில் வழுக்கி விழுந்த அக்காவை அன்றைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. திரையில் எலும்பு இரண்டாக நிற்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "பெரிசா ஒண்ணும் இல்லக்கா" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

அது நடந்து பத்து மாதம். இன்று மாலை நாலு மணிக்கு அதே அக்கா, அதே இடுப்பை வைத்துக்கொண்டு, நூற்றிருபது பேர் முன்னால் தாவப் போகிறாள். தாவுவதற்கு வாசிக்கப் போகிறவள் சின்னவள்.

"மெதுவா நடக்கலாம், படி ஏறலாம், ஆடணும்னா பாத்து ஆடலாம்" என்றுதான் டாக்டர் சொன்னார். இன்னொரு முறை விழுந்தால் திருகாணி பிடிக்காது, இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும், அதற்கப்புறம் நடனத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். அக்கா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினாள். இரண்டாம் பாதி முழுக்கச் சின்னவளின் காதில் போய் உட்கார்ந்துகொண்டது.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. இருபத்தைந்து வயதில் ஒரு கோடைப் பட்டறையில் முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய அரண்மனை நடனங்களைக் கற்றுக்கொண்டு வந்தாள், அன்றிலிருந்து பைத்தியம்தான். மினுவெட், சரபாண்ட், ஜிக் என்று வாய்க்குள் நுழையாத பேர்கள். உள்ளங்கை அளவு அடிகள், குதிகால் வைத்த செருப்பு, நிமிர்ந்த கழுத்து. கூடத்துக்குள் ஒரு கோலம் போட்டதுபோல, எந்த அடியில் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பது காகிதத்தில் கோடாக வரைந்திருக்கும். பியானோ வாசித்துக்கொண்டு சும்மா இருந்த தங்கையை இதற்குள் இழுத்துவிட்டவளும் அவள்தான்.

பியானோவாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கருவிக்கு ஹார்ப்சிகார்ட் என்று பெயர். பார்க்கப் பியானோவின் ஒல்லியான தம்பி மாதிரி இருக்கும். வயதில் அதற்குத் தாத்தா. பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கும். இதில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மெல்லிய மரத்துண்டு எழும்பி, அதன் ஓரத்திலிருக்கும் சிறு முள்ளால் தந்தியைச் சுண்டிவிட்டு இறங்கும். அவ்வளவுதான். ஓங்கி அழுத்தினாலும் அதே சத்தம், தடவிக் கொடுத்தாலும் அதே சத்தம். கையை எடுத்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். பியானோவில் கால்மிதியை அழுத்தித் தப்பைப் பூசி மெழுகலாம். இதில் ஒளிய இடமே கிடையாது. பயந்துகொண்டு வாசித்தால் பயம் ஒரே ஒரு வழியாகத்தான் வெளியே வரும், அது தாளம்.

அதுதான் போன வாரம் வந்தது. ஒத்திகையில், கடைசியாக வரும் துள்ளல் நடனமான ஜிக்கை வாசிக்கும்போது, அக்கா ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சின்னவளின் கண்ணுக்குள் மூன்று திருகாணிகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. விரல் தன்னாலே மெதுவானது. மெதுவாக ஆடினால் ஆபத்து குறைவு என்று நினைப்பது இயற்கைதானே? அக்கா பாதியில் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினாள்.

"என்னடி வாசிக்கிற? சாவு வீட்டுக்கா போறோம்?"

"கொஞ்சம் நிதானமா இருக்கட்டுமேன்னு..."

"நீ நிதானமா இருந்தா நான் அவ்வளவு நேரம் ஒத்தக் கால்ல தொங்கணும். நீயே எழும்பிப் பாரேன். மேல போனவ கீழ வர்றதுக்குப் பாட்டு காத்திருக்குமா? ஓட்டமா வாசிச்சாத்தான் கால் அடுத்த அடிக்குத் தானா போகும். மெதுவா வாசிச்சா இடுப்பு மொத்த பாரத்தையும் வாங்குது. எனக்கு உதவி பண்றேன்னு என்னைக் கொன்னுடாத."

உண்மைதான். வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் எழும்பிப் பார்த்தாள். வேகமாக எழும்பினால் சுலபம், மெதுவாக எழும்பினால் தள்ளாட்டம். புரிந்தது. ஆனால் புரிவது தலையில் நடக்கிற காரியம், விரலுக்கு அது தெரியுமா?

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் வந்து நின்றார். வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் அவர். முப்பது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு பிழைப்பவர். அந்தப் பழக்கம் வண்டியோடு நிற்கவில்லை. அக்கா ஒத்திகையில் தாவும்போதெல்லாம் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் தரையை அழுத்துவார்.

"ஏறு சின்னு, வீட்ல விட்டுடறேன்" என்றார். வண்டி கிளம்பவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கடைசிப் பாட்டு இருக்குல்ல, குதிக்கிறது. அதுல ரெண்டாவது பாதிய ரெண்டு தடவ வாசிக்கிறியே, எதுக்கு?"

"அது அப்படித்தான் அத்தான். நோட்டுல கோட்டுப் பக்கத்துல ரெண்டு புள்ளி இருந்தா அதை மறுபடி வாசிக்கணும்."

"ஒரு தடவ வாசிச்சா யாராவது கேஸ் போடுவாங்களா?"

சின்னவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் எண்ணிப் பாத்துட்டேன்மா. முதல் தடவ குதிக்கிற எட்டும் இடது கால்ல இறங்குறா. மறு தடவ அப்படியே கண்ணாடியில பாக்குற மாதிரி மாத்தி, எட்டும் வலது கால்ல. ஆபரேஷன் பண்ண கால்ல. அவகிட்ட சொன்னா என்னைக் கடிச்சுத் துப்பிடுவா. நீ பாட்ட முடிச்சுட்டா அவ என்ன பண்ணுவா? நின்னு கும்பிட்டுட்டு உள்ள வந்துருவா. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்லை என்பது சின்னவளுக்குத் தெரியும். முதல் சுற்றில் அக்கா வலப்பக்கமாக வளைந்துபோய்ப் பின்மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு முடிப்பாள். மறுசுற்றுதான் அவளை இடப்பக்கமாக வளைத்து, நடுமேடைக்கு, ஆட்களின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். மறுசுற்றை வெட்டினால் ஆடுகிறவள் மூலையில் சுவரோடு நிற்பாள். இதை அத்தானுக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. அதோடு, அந்த எட்டுத் தாவலை நினைத்துத்தானே அவளும் ஒரு வாரமாகத் தூங்கவில்லை?

"சரி அத்தான்" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றைக்கே நோட்டில் அந்த இரண்டு புள்ளிகளின் மேல் பென்சிலால் சின்னதாக ஒரு குறுக்குக்கோடு போட்டாள். அக்கா கைதேர்ந்தவள், சட்டென்று திரும்பிக் கும்பிட்டுச் சமாளித்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் வெள்ளிக்கிழமை மதியம்வரை தாங்கியது.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. இரண்டு மணிக்கு அரங்கத்துக்குள் நுழைந்தபோது கருவியைச் செய்தவர் தரையில் மண்டியிட்டிருந்தார். எங்கோ ஒரு காட்சியகத்தில் கண்ணாடிக்குள் தூங்கும் பழைய ஹார்ப்சிகார்ட்டை அங்குலம் அங்குலமாக அளந்துவந்து, நாலு வருஷம் இழைத்து, அதேபோல ஒன்றைச் செய்து இந்த அரங்கத்துக்குக் கொடுத்த மனிதர். கொடுத்துவிட்டாரே தவிர விட்டுவிடவில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருப்பதால் அக்காவும் தங்கையும் அவருக்கு ஈரமானி என்று பேர் வைத்திருந்தார்கள்.

"எழுபத்தொண்ணு" என்றார் ஈரமானி, வணக்கத்துக்குப் பதிலாக. "இதுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு. மூணு தடவ சுருதி சேத்துட்டேன். நூத்திருபது பேரும் நனைஞ்ச குடையோட வந்து உக்காந்து மூச்சு வேற விடுவாங்க."

"மூச்சு விடாதீங்கன்னு போர்டு மாட்டிடலாமா?"

"மாட்டினா நல்லதுதான்" என்றார் அவர், நிஜமாகவே யோசித்து.

உடை மாற்றும் அறையில் அக்கா செருப்பின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள். அடிவரை குனிய முடியாது என்பதால் வலது காலை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்திருந்தாள். சின்னவள் போய்க் குனிந்து வாரை வாங்கிக் கட்டிவிட்டாள். அக்காவின் கணுக்கால் சில்லென்றிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

"அக்கா, அந்த ஜிக்ல..."

"ஓட்டமா வாசி. அது போதும். வேற எதுவும் இப்ப சொல்லாத, எனக்குத் தலைக்குள்ள அடி ஓடிட்டிருக்கு."

சின்னவள் முடிச்சை இறுக்கிவிட்டு விலகினாள். அக்கா எழுந்து கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றாள். பயத்தின் சுவடே இல்லை அந்த முகத்தில். பத்து மாதமாகவே இல்லை. தள்ளுவண்டியில் படுத்திருந்தபோதும், ஊன்றுகோலோடு நடந்தபோதும், வலியில் இரவெல்லாம் விழித்துக் கிடந்தபோதும் யாரும் அதைப் பார்த்ததில்லை. பயப்படுகிற வேலையை மொத்தமாக வீட்டாருக்குக் குத்தகைக்கு விட்டவள்போல் இருந்தாள். சின்னவளுக்குக் கோபம்கூட வந்தது.

நாலு மணி. விளக்குகள் மங்கின. ஹார்ப்சிகார்ட் மேடையின் பின்மூலையை ஒட்டி வலப்பக்கம் இருந்தது. முதல் வரிசையின் ஓரத்தில் அத்தான், மடியில் ஈரக்குடை, வலது பாதம் தயாராகத் தரையில்.

மினுவெட் நன்றாகப் போயிற்று. அது வழவழப்பான நடை, அதில் விழுவதற்கு மெனக்கெட வேண்டும். சரபாண்ட் மெதுவானது, ஆனால் காலை மேலே தூக்கி நிறுத்துகிற இடம் இரண்டு உண்டு. இரண்டிலும் சின்னவள் நோட்டை விட்டு அக்காவின் காலையே பார்த்தாள். அக்கா நின்றாள், ஆடாமல் அசையாமல் நின்றாள், இறங்கினாள். கைதட்டல். யாரோ இருமினார்கள். ஈரத்தில் நடுப்பகுதியின் ஒரு தந்தி இலேசாகப் பிசகியிருந்தது. கதவோரம் நின்ற ஈரமானி பல்வலிக்காரர்போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஜிக்.

தொடக்கம் ஓட்டமாகத்தான் இருந்தது. முதல் பாதி, அதன் மறுசுற்று, எல்லாம் சரி. இரண்டாம் பாதியில் அக்கா முதல் முறை எழும்பியதும் அந்த மூன்று வெள்ளைத் திருகாணிகளும் வந்துவிட்டன. விரல் தயங்கியது. அக்கா இறங்கும்போது குதிகாலால் தரையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், டக்கென்று. பார்ப்பவர்களுக்கு அது நடனம். சின்னவளுக்கு அது திட்டு. வேகம் பிடித்தாள். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் இடது காலில். அக்கா வலப்பக்கமாக வளைந்து வளைந்து மூலைக்கு வந்தாள், ஹார்ப்சிகார்ட்டிலிருந்து இரண்டே காலடி தூரத்துக்கு. முகம் சுவரைப் பார்த்தது, அதாவது தங்கையைப் பார்த்தது.

நோட்டில் பென்சில் கோடு. முதல் வரிசையில் அத்தான். சின்னவள் கடைசி நாதத்தை அழுத்தினாள், கையை எடுத்தாள். சத்தம் அங்கேயே செத்தது.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வாய் இலேசாகத் திறந்திருந்தது. கண் சின்னவளின் கையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, மறுபடி கையைப் பார்த்தது. அது கோபமில்லை. பத்து மாதமாக யாரும் பார்க்காத பயம் அது. நட்டாற்றில் படகு கவிழ்ந்தவளின் பயம். சின்னவள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் இந்த முகத்தில் பார்த்ததில்லை.

ஒரு நொடி இருக்கும். இரண்டு நொடிகூட இருக்கலாம். அக்கா திரும்பிக் கும்பிடவில்லை. மூச்சை இழுத்தாள், இடப்பக்கம் திரும்பினாள், ஆடத் தொடங்கினாள்.

பாட்டு இல்லாமல்.

அரங்கம் மூச்சுவிட மறந்தது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எழும்பினாள், வலது காலில் இறங்கினாள். ஒன்று. அந்தக் காலின் சத்தம் மற்றதைவிட இலேசாகப் பிந்தி வந்தது, ஒரு நூலளவு. மறுபடி எழும்பினாள். இரண்டு. அப்போதுதான் சின்னவளுக்கு இன்னொன்றும் கேட்டது. அக்கா முனகிக்கொண்டிருந்தாள். வெட்டியெறிந்த அதே மெட்டை மூக்குக்குள்ளேயே, மூச்சிரைக்க, உடைந்து உடைந்து முனகினாள். இறங்கும்போதெல்லாம் மெட்டு அறுந்தது. அறுந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி எழும்பினாள். மூன்று. சின்னவளின் கை மடியில் கட்டை மாதிரி கிடந்தது. அக்கா விழுந்துவிடாமல் காப்பாற்றுவதற்காக அக்காவைத் தனியாக விட்டுவிட்டோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பயத்துக்கு முன்னால் ஒரு வாரப் பயம் ஒன்றுமே இல்லை. நான்கில் அக்கா இலேசாகத் தள்ளாடினாள். முனகல் நின்றுபோனது.

ஐந்தாவது தாவலுக்கு அக்கா முழங்காலை மடக்கியபோது சின்னவள் கையைப் போட்டாள். நோட்டைப் பார்க்கவில்லை. திருகாணியையும் பார்க்கவில்லை. அக்காவின் முதுகை மட்டும் பார்த்தாள். ஓட்டமாக, அக்கா கேட்டதைவிட ஒரு பிடி கூடுதல் ஓட்டமாக, பிசகிய தந்தியும் சேர்ந்து கணீரென்று கத்த, வாசித்தாள். அக்காவின் தோள் இறங்கியதைப் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. அஞ்சு. ஆறு. பிந்திய கால் பிந்தவில்லை. ஏழு. எட்டு. நடுமேடையில், ஆட்களின் முன்னால், நிமிர்ந்த கழுத்தோடு அக்கா வந்து நின்றாள்.

கைதட்டல் மழையைவிடப் பெரிதாக இருந்தது. அத்தான் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். மடியிலிருந்த குடை உருண்டு எங்கேயோ போய்விட்டது.

ஈரமானி மேடைக்கு ஓடிவந்து சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல பாட்ட நிறுத்தி வெறும் காலடிய கேக்க வச்சீங்களே, என்ன ஒரு யோசனை! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு." அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் அக்கா நாற்காலியில் சாய்ந்து, இடுப்பில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கதவருகே நின்றாள். அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அவ மேல தப்பில்ல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"தெரியும். இந்த வீட்டுல பிரேக் போடற ஆள் வேற யாரு?" என்றாள் அக்கா. "நீங்க போய் வண்டிய வாசலுக்குக் கொண்டாங்க."

அவர் போனார். பனிக்கட்டி உருகிப் பாவாடையில் சொட்டியது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. ஒண்ணும் முறியல, உன் மெஷின்ல போட்டுப் பாக்கவேண்டாம்." பையை மறுபக்கம் திருப்பி வைத்தாள். "மூலையில நின்னப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? நீ மயங்கி விழுந்துட்டேன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா உக்காந்திருக்க. கைய மடியில வச்சுட்டு உக்காந்திருக்க."

"நீ விழுந்துடுவேன்னு பயந்துட்டேன்."

"எனக்குப் பயமில்லன்னா நினைச்ச?" அக்காவின் குரல் சட்டென்று உடைந்தது. "தினமும் பயம்டி. பஸ் ஏறும்போது பயம், குளிக்கும்போது பயம். ராத்திரி திரும்பிப் படுக்கப் பயம். ஆடும்போது மட்டும்தான் கிடையாது. ஏன்னா பாட்டு ஓடிட்டிருக்கும். பயப்படலாம்னு நினைக்கறதுக்குள்ள அடுத்த அடி வந்துரும். அந்த ஒரு இடத்தையும் நீ எடுத்துட்டியேடி."

சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அழவிட்டாள். பிறகு தன் முந்தானையில்லாத உடையில் எதைக் கொடுப்பது என்று தேடி, ஒப்பனை துடைக்கிற பஞ்சை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கும் நாலு மணிக்கு ஆட்டம் இருக்கு."

"ரெண்டு தடவையும் வாசிக்கிறேன்க்கா."

"ஓட்டமா?"

"ஓட்டமா. ஆனா பயமாத்தான் இருக்கும்."

"பயந்துகிட்டே வாசி, பரவால்ல" என்றாள் அக்கா. "நிறுத்தாம வாசி."

வெளியே அத்தான் ஹாரன் அடித்தார். அக்கா கையை நீட்டினாள், சின்னவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். படியிறங்கும்போது அக்கா அந்தக் கையை விடவில்லை, வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.